துணையை இழந்த காவல் நாய்

நாட்றம்பள்ளிப் பக்கத்தில் தென்னந்தோப்பு உடையவர்களில் பலர், காவலுக்கு இரண்டு நாய்களைச் சேர்த்து வளர்க்கின்றனர். அவற்றுள் ஒன்று இறந்தால் எஞ்சியதன் நடத்தை மாறிவிடுகிறது. அதனைச் சோம்பல் என்று கருதி நாயை விரட்டிவிடும் அன்பர்களும் உளர். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு நாம் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது அங்கத்தினர் ஒருவர் தமது நாயைப் பற்றி முறையிட்டார். அதன் ஜோடி நாய் நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டது. அன்று முதல் இது சோற்றைச் சரியாக உண்பதில்லை. தோப்புக்குள் போகாமல் வாயிற்படியிலேயே கிடந்தது. வீட்டார் எழுந்தால் காலைச் சுற்றிற்று. "இனி இது காவலுக்கு உதவாது, யாருக்காவது கொடுத்துவிடலாமா?" என்றார். மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சில மாதம் பொறுக்கும்படி கூறினோம். அரைமனத்துடன் சம்மதித்தார்.

நாம் அவ்வாறு சொன்னதற்கு ஆதாரம் உண்டு. ஒரு நாயை இழந்து, மற்றொன்றை வைத்திருந்த 426 பேரிடம் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் விசாரித்து, 2022-இல் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு 86 பேர் தம் நாயிடம் மாறுதல் கண்டதாகக் கூறினர். வீட்டாரை முன்னிலும் அதிகமாக நாடியவை நூற்றுக்கு 67. விளையாட்டைக் குறைத்தவை 57. உணவைக் குறைத்தவை 32. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் இம்மாறுதல் இரண்டு முதல் ஆறு மாதம் வரை இருந்தது. நான்கில் ஒரு பங்கில் அதற்கு மேலும் நீடித்தது. எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தன என்பது பெரிதாக இல்லை. நட்பாக இருந்தனவா, உணவைப் பகிர்ந்து உண்டனவா என்பதே பெரிதாக இருந்தது. வீட்டாரின் துயரம் மிக்க இடத்தில் நாயின் அச்சமும் மிக்கிருந்தது. இவையெல்லாம் வளர்ப்போர் வாய்மொழியே. இது மனிதர் படும் துக்கம் போன்றதுதானா என்று ஆராய்ச்சியாளர் அறுதியிட்டுக் கூறவில்லை.

நாயின் பற்றுதலை நம் முன்னோர் கல்லிலேயே பொறித்தனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், மாண்ட வீரனோடு கோவிவன் என்னும் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது.

எனினும் உண்ணாத நாயெல்லாம் துணையை நினைத்து உண்ணாதிருக்கிறது என்று எண்ணிவிடலாகாது. முதல் நாய் நோயால் இறந்திருப்பின், அதே நோய் இரண்டாவதையும் பற்றியிருக்கக்கூடும். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுக. முதல் நாய் காரணமின்றிச் சீறி, எச்சில் வடித்து இறந்திருந்தால் வெறிநோயோ என்று ஐயுற வேண்டும். எஞ்சிய நாயின் வாயில் கைவைத்துச் சோதிப்பது கூடாது. அது கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நோய் இல்லையெனில் பெரிய சிகிச்சை எதுவும் வேண்டியதில்லை. சோறு வைக்கும் வேளையும், தோப்பைச் சுற்றிவரும் வேளையும் முன்போலவே இருக்கட்டும். நாள் முழுதும் தனியே கட்டிப்போடலாகாது, அடிப்பதும் கூடாது. உடனே ஒரு குட்டியை வாங்கிவந்து விடுவது பலர் செய்யும் அவசரம். துவண்டு கிடக்கும் நாய் குட்டியின் தொல்லையைப் பொறாமல் கடித்துவிடக்கூடும். பழைய நாய் நன்றாக உண்டு நடமாடத் தொடங்கிய பின்னரே அதைப்பற்றி யோசிக்கலாம்.

மேற்படி தோப்பு நாய் மூன்றாம் மாதத்தில்தான் வேலியோரம் போகத் தொடங்கிற்றாம். இரவில் இன்னும் வாயிற்படியில்தான் படுக்கிறது. அங்கத்தினர் குட்டி வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்.