எண்பது வயதில் ஈரல் சத்திரசிகிச்சை: வயது மட்டுமா தடை?

"வாப்பாவுக்கு எண்பத்தி மூணு. இனியும் ஏன் வெட்டிக் கஷ்டப்படுத்த வேணும்?" ஈரலில் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னதும் நமது வீடுகளில் எழும் முதல் கேள்வி இது. பாசத்தில் வரும் கேள்விதான். ஆனால் பிறந்த வருடத்தை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்றும் கேட்பார்கள்: "ஒரு சொட்டு மது தொடாத மனிசனுக்கு எப்படி?" நீண்டகால நீரிழிவு, உடற்பருமன், ஈரலில் படியும் கொழுப்பு ஆகியவையும் ஈரலைச் சுருங்கச் செய்யும். சுருங்கிய ஈரலில் புற்று வரலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட்டு மறைப்பதால்தான் காலம் போகிறது.

ஜப்பானில் 80 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஈரலின் ஒரு பகுதியை வெட்டி அகற்றுகிறார்கள். எல்லோருக்கும் அல்ல, தேர்ந்தெடுத்தவர்களுக்கு. அந்தத் தேர்வில்தான் விஷயமே இருக்கிறது. நல்ல ஈரலில் மூன்றில் இரண்டு பங்கு போனாலும் மிச்சம் வளர்ந்துவிடும். சுருங்கிய ஈரலுக்கு அந்தச் சக்தி இல்லை. முதுமையில் வளர்ச்சி இன்னும் மெதுவாகும். ஆகவே பிலிருபின், அல்புமின், இரத்தம் உறையும் வேகம், வயிற்றில் நீர், புத்தித் தடுமாற்றம் ஆகிய ஐந்தையும் பார்த்து ஈரலை ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். பெரிய சத்திரசிகிச்சைக்குப் பெரும்பாலும் ஏ தரத்தினரையே எடுப்பார்கள்.

இருதயமும் சிறுநீரகமும் தாங்குமா என்பது அடுத்தது. தானாக உடுத்தி, சாப்பிட்டு, படியேறும் 82 வயதுக்காரர், கட்டிலோடு கிடக்கும் 68 வயதுக்காரரை விட நன்றாகத் தாங்கக்கூடும். ஆனாலும் சத்திரசிகிச்சைக்குப் பின் நெஞ்சில் சளிக்காய்ச்சலும், சில நாட்கள் ஆளே மாறிப் பிதற்றும் குழப்பமும் முதியவர்களில் அதிகம். அதைக் குடும்பம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

கத்தி ஒன்றே வழியும் அல்ல. 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கட்டியை ஊசி செலுத்திச் சூட்டினால் பொசுக்கலாம். கட்டிக்குப் போகும் இரத்தக் குழாயில் மருந்து செலுத்தி அடைக்கும் முறையும் உண்டு. எண்பதில் ஈரல் மாற்றுச் சிகிச்சையைப் பற்றி மட்டும் பொதுவாக யோசிக்கமாட்டார்கள்.

எனக்குப் பிடிக்காத ஒரு வழக்கம்: பிள்ளைகள் எல்லோரும் கூடி முடிவெடுப்பார்கள், நோயாளிக்கு மட்டும் "சின்னக் கட்டி" என்பார்கள். புத்தி தெளிவாக உள்ள மனிதரிடம் அவருடைய உடம்பைப் பற்றிக் கேட்காமல் முடிவெடுப்பது என்ன நியாயம்? வைத்தியரிடம் போகும்போது அவரையும் பேசவிடுங்கள். "மூன்று மாதத்தில் நான் தனியாக ஒளூச் செய்து தொழ முடியுமா?" என்று அவர் கேட்கக்கூடும். கட்டியின் அளவை விட அவருக்கு அது முக்கியமாக இருக்கலாம்.

போகும்போது இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் குளிசைகள், சீனி மருந்துகள், யாரோ கொடுத்த கசாயம் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். சிலதைச் சத்திரசிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.