பத்திரம் திரும்பி வரும் நாள்

நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்க வேண்டுமானால், நிலம் இன்னாருடையது என்று சொல்லும் காகிதம் முதலில் வேண்டும். அந்தக் காகிதத்தின் வரலாற்றில் தருமபுரிக்குப் பெரிய பங்கு உண்டு. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீட் தலைமையில் இங்கே வரி நிர்ணயிக்க வந்தவர்களில் தாமஸ் மன்றோவும் ஒருவர். 1799 வரை தருமபுரிச் சீமையில் வேலை பார்த்தார். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருப்பெற்ற மண் இது. வரிக்காக எழுதிய பட்டா மெல்ல மெல்ல உரிமையின் அடையாளமாகி, பிறகு கடன் கொடுப்பவர் கேட்கும் முதல் தாளாகவும் ஆனது.

அன்று கடன் கொடுத்தவர் உள்ளூர்க்காரர். மானாவாரிச் சீமையில் மழை தப்பினாலும், கிணறு வெட்டினாலும், பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போக வேண்டும். போக்கியம் என்றால் நிலம் அவர் கைக்குப் போய்விடும், விளைச்சல்தான் வட்டி. அதைவிடக் கொடியது கடனுக்குக் கிரையம் எழுதிக் கொடுப்பது. நிலத்தை விற்றதாகவே பத்திரம் பதிவாகும். பணத்தைத் திருப்பினால் மறுகிரையம் செய்து தருவேன் என்பது வெறும் வாய்ச்சொல். சொன்னவர் செத்துப்போனாலோ, நிலத்தின் விலை ஏறிவிட்டாலோ அந்த வாய்ச்சொல்லும் போய்விடும். 1938-ல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பழைய கடன்களின் நிலுவை வட்டியைத் துடைத்தது. 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. ஆனால் கிரையம் என்று பதிவான தாளைக் கடன் என்று நிரூபிக்கும் பாரம் இன்றும் கடன் வாங்கியவர் தலையில்தான் இருக்கிறது.

நிறுவனங்கள் பிறகு வந்தன. 1977-ல் எச்.டி.எஃப்.சி. தொடங்கியது. 1988-ல் இத்துறையைக் கண்காணிக்கத் தேசிய வீட்டுவசதி வங்கி அமைந்தது. முதலில் கடன் கிடைத்தது ஆசிரியர், போக்குவரத்துக் கழக ஊழியர் போன்ற சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கு. பெங்களூருவில் கட்டட வேலை செய்து வாரக் கூலி வாங்கும் பென்னாகரத்துக்காரருக்கோ, பாலக்கோட்டில் தக்காளி போடுகிறவருக்கோ எந்த வங்கியும் அசையவில்லை. அந்த இடைவெளியில்தான் சிறு வீட்டுக் கடன் நிறுவனங்கள் வளர்ந்தன. சம்பளச் சீட்டுக்குப் பதில் வீட்டுக்கு வந்து வரவு செலவைக் கேட்டு எழுதிக்கொண்டு கடன் கொடுத்தார்கள். வட்டி வங்கியைவிடக் கூடுதல். ஆனாலும் திண்ணை வட்டியோடு ஒப்பிட்டால் அது பெரிய விடுதலை என்றே நான் நினைக்கிறேன்.

கடன் கொடுப்பது சில நாள் வேலை. அதன் பிறகு பதினைந்து, இருபது ஆண்டுகள் தவணை வாங்குவது, கணக்கு வைப்பது, வட்டி மாற்றுவது, பத்திரத்தைப் பாதுகாப்பது எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. அமெரிக்காவில் இதை மட்டுமே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. 2008 நெருக்கடியில் அவர்கள் காகிதங்களைச் சரிபார்க்காமலே வீடுகளைப் பறித்தது அம்பலமானதால், 2014 ஜனவரி 10 முதல் மத்திய அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. பொதுவாக 120 நாள் நிலுவைக்கு முன் பறிமுதல் நடவடிக்கையைத் தொடங்கவே கூடாது என்பது அதில் ஒன்று. கடன் ஒருவருடையது, வசூல் இன்னொருவருடையது என்ற அந்தப் பிரிவு இங்கும் வந்துகொண்டிருக்கிறது. நிறுவனம் தன் கடன்களை மொத்தமாக வங்கிக்கு விற்றுவிட்டு, வசூலை மட்டும் தானே தொடர்கிறது. தவணைக்கு வருகிற தம்பி அதே தம்பிதான். கடன் மட்டும் வேறொருவர் ஏட்டில் இருக்கும்.

இந்த நீண்ட காலத்துக்கான விதிகள் நம் நாட்டில் பல ஆண்டுகள் தளர்வாகவே இருந்தன. தக்காளி நல்ல விலைக்குப் போன வருஷம் கடனை முன்கூட்டி அடைக்கப் போனால், அடைப்பதற்கே அபராதம் கேட்டார்கள். மாறும் வட்டிக் கடனில் அதைத் தேசிய வீட்டுவசதி வங்கி 2011-லும், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012-லும் நிறுத்தின. 2019 ஆகஸ்டில் வீட்டுக் கடன் நிறுவனங்களின் கட்டுப்பாடே ரிசர்வ் வங்கியிடம் போனது. அதன் பிறகு விதிகள் வேகமாக வந்தன. தவணை தவறினால் வட்டிக்கு மேல் அபராத வட்டி, அந்த அபராதத்துக்கும் வட்டி என்று கணக்கு ஊதிப்போவதை 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை தடுத்தது. வட்டி ஏறும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஆண்டுகளை நீட்டாமல், தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என்று அதே நாளில் வந்த இன்னொரு சுற்றறிக்கை சொன்னது.

இவை எல்லாவற்றிலும் தருமபுரிக்கு மிகப் பெரியது என்று நான் கருதுவது 2023 செப்டம்பர் 13-ல் வந்த விதி. கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். பதிவில் ஏற்றிய பாரத்தையும் நீக்க வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறை. ஐந்து லட்சம் ரூபாயைப் பத்து சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 4,825 ரூபாய். அதாவது நிறுவனம் ஒரு நாள் தாமதித்தால், சிறு கடன்காரர் ஒரு மாதம் கட்டிய பணத்தைவிட அதிகம் தர வேண்டும்.

முன்பு கடைசித் தவணை கட்டியவர் கேட்ட பதில் என்ன? "பத்திரம் ஹெட் ஆபீஸ்ல இருக்குண்ணா, எழுதிப் போட்டிருக்கோம்." பத்திரங்கள் தொலைதூர நகரத்துக் காப்பறையில் இருக்கும், வருவதற்கு நாள் குறிப்பு கிடையாது. இன்று எந்த இடத்தில், எத்தனை நாளில் திரும்பத் தருவோம் என்பதைக் கடன் அனுமதிக் கடிதத்திலேயே எழுத வேண்டும். கணக்கு இருந்த கிளையிலேயே தரும்படி கடன்தாரர் கேட்கலாம். பத்திரம் தொலைந்தால் நகல் எடுக்கும் செலவும் நிறுவனத்துடையது. கடன்தாரர் இறந்தால் வாரிசுகளுக்கு எப்படித் தருவது என்ற நடைமுறையையும் வெளியிட வேண்டும்.

தமிழ்நாட்டில் இதில் இன்னொரு படி உண்டு. பத்திரங்களை ஒப்படைத்து வாங்கும் கடனின் ஆவணத்தைப் பதிவு செய்வது இங்கே 2012-லிருந்து கட்டாயம். கடன் தீர்ந்த பிறகு ரசீது ஆவணம் பதிவானால்தான் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் முடிந்ததாகத் தெரியும். அதற்கு நிறுவனத்தின் அலுவலர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டும். அவர் சேலத்திலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வருபவராக இருந்தால் அவர் வசதிப்பட்ட நாள்தான் நல்ல நாள். பத்திரத்தைக் கையில் வாங்கிய மகிழ்ச்சியில் இந்தப் படியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பத்து வருஷம் கழித்து நிலத்தை விற்கப் போகும்போது வில்லங்கத்தில் பழைய கடன் நிற்கும். பாரத்தை நீக்குவதும் அந்த முப்பது நாளுக்குள்தான் என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நிறுவனங்களுக்கு இதனால் செலவு கூடியிருக்கிறது, உண்மை. கணக்கு மென்பொருளை மாற்ற வேண்டும், காப்பறையில் எந்தப் பத்திரம் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். இருபது ஆண்டுச் சொத்துக் காகிதத்தை நம்பி வாங்கிக்கொண்டவர்கள் இந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும்.

விதிகள் எட்டாத இடங்களும் இருக்கின்றன. வங்கிகளின் மாறும் வட்டி 2019 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறது. வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2025-ல் ரெப்போ 6.50-லிருந்து 5.25 சதவீதத்துக்கு இறங்கியபோது, தொகுப்பு வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுக்கச் சிறு நிறுவனத்தில் கடன் வாங்கியவருக்குத் தானாக எதுவும் குறைந்துவிடவில்லை. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் இருப்பதால் முப்பது நாள் விதி அவற்றைத் தொடுவதில்லை. 2021-ல் வந்த ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்திலும் வீட்டுக் கடன் நிறுவனங்கள் சேரவில்லை. புகாரைத் தேசிய வீட்டுவசதி வங்கிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

2024 அக்டோபர் 1 முதல் புதிய வீட்டுக் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும். வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அதில் எழுதாத கட்டணத்தைக் கடன்தாரர் சம்மதமில்லாமல் பின்னால் கேட்க முடியாது. தாளைக் கொடுத்த பிறகு குறைந்தது மூன்று வேலை நாள் யோசிக்க அவகாசமும் உண்டு. அரூரிலோ நல்லம்பள்ளியிலோ கையெழுத்துப் போடப் போகிறவர் அந்தத் தாளைத் தமிழில் கேட்கலாம். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.