கனமும் கடுமையும்: ஒரு பொருள்போல் தோன்றும் ஆங்கிலப் பெயரடைகள்

சிரிப்பிற்கும் விளையாட்டிற்கும் எதிர்முனையில் நிற்கும் பண்பைக் குறிக்க ஆங்கிலத்தில் பல பெயரடைகள் உள்ளன. 'சீரியஸ்', 'கிரேவ்', 'சாலெம்', 'எர்னஸ்ட்', 'சோபர்', 'செடேட்', 'ஸ்டெய்டு', 'சாம்பர்' என்பன அவற்றுட் சில. இவற்றை மொழிபெயர்க்க நேரும்போது நம் எழுதுகோல் பெரும்பாலும் 'தீவிரமான' என்ற ஒரே சொல்லை நாடுகிறது. தீவிர நோய், தீவிர முயற்சி, தீவிர வேண்டுகோள், தீவிர உறுதிமொழி என எல்லாம் தீவிரமாகிவிடும்போது எதுவும் தீவிரமாக ஒலிப்பதில்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நமக்கு இஃது ஏட்டளவில் நின்றுவிடும் சிக்கல் அன்று. மருத்துவர் ஆங்கிலத்தில் கூறியதை மகன் தாய்க்குத் தமிழில் எடுத்துரைக்கிறான். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசிக்கிறார். இவ்விடங்களில் ஒரு பெயரடை பிறழ்ந்தால் கேட்பவரின் அச்சமோ நம்பிக்கையோ அளவு மாறிவிடும். எனவே இச்சொற்களின் எல்லைகளை நாம் வரையறுத்துக் காண்பது தேவையாகிறது.

இவ்வாறு காண்பது நம் மரபிற்குப் புதிதன்று. தொல்காப்பியரின் உரியியல், ஒரு சொல் பல பொருள் தருவதையும் பல சொற்கள் ஒரு பொருளில் வருவதையும் ஆராய்கிறது. பொருளால் நெருங்கிய சொற்களை அருகருகே நிறுத்தி ஆராயும் அம்முறையை ஆங்கிலச் சொற்களுக்கும் நாம் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் 'சீரியஸ்'. இக்குழுவின் பொதுச்சொல் இதுவே. இதற்கு இரு பக்கங்கள் உண்டு. ஒன்று, விளையாட்டாக அல்லாமை. மற்றொன்று, பின்விளைவு பெரிதாதல். 'அவர் சீரியஸாக இருக்கிறார்' என்பதை ஆங்கிலேயர் கேட்டால், அவர் வேடிக்கைக்காகப் பேசவில்லை என்று கொள்வர். நம் பேச்சுத் தமிழிலோ இதே தொடர், அவர் உயிருக்குப் போராடுகிறார் என்றும் பொருள்படும். கடன் வாங்கிய சொல் நம்மிடம் வந்து தனிப்பொருள் பெற்றுவிட்டது. ஒலி ஒப்புமையால் 'சீரிய' என்று எழுதுவோரும் உளர். 'சீரிய' என்பது சீர் என்னும் வேரிலிருந்து வந்து சிறப்பைக் குறிப்பது. ஆங்கிலச் சொல்லோடு அதற்கு உறவில்லை.

அடுத்தது 'கிரேவ்'. இலத்தீனில் 'கிராவிஸ்' என்றால் கனமானது. புவியீர்ப்பைக் குறிக்கும் 'கிராவிட்டி' என்ற சொல்லும் அதே வேரினது. வடமொழியில் கனத்தைக் குறிக்கும் 'குரு' என்னும் சொல்லும் இதற்கு இனமானது என்பது மொழியியலார் முடிவு. கல்லறையைக் குறிக்கும் 'கிரேவ்' என்ற பெயர்ச்சொல்லோ முற்றிலும் வேறு. அது தோண்டுதல் பொருளுடைய பழைய செர்மானிய வேரிலிருந்து வந்தது. ஒலி ஒன்றாயிருப்பதால் இரண்டையும் தொடர்புபடுத்துவது பிழை.

'சீரியஸ்' பிழை பெரிய பிழை. 'கிரேவ்' பிழை அதனினும் கனத்தது. அதன் பின்னால் பேரிடர் ஒன்று நிழலாடும். ஊக்கமாகப் படிக்கும் மாணவனை 'சீரியஸ்' மாணவன் எனலாம். 'கிரேவ்' மாணவன் என்றால் அவன் முகம் இறுகிப்போயிருக்கிறது என்றே பொருள்படும். இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. 'கனத்த மனம்' என்கிறோம். மதிப்பிற்குரியோரைக் 'கனம்' என்ற அடைமொழியால் சுட்டும் வழக்கமும் உண்டு. எடையிலிருந்து மதிப்பும் துயரமும் பிறப்பதை இரு மொழிகளும் தனித்தனியே கண்டிருக்கின்றன.

சட்டத்தில் இக்கனம் அளவிடப்படுகிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றியே நீரிணைக் குடியேற்றங்களின் 1871ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. சிங்கப்பூரின் இன்றைய தண்டனைச் சட்டமும் அதன் வழிவந்ததே. மலேசியாவின் தண்டனைச் சட்டமும் அதே மரபினது. அச்சட்டங்கள் காயத்தையும் 'கிரீவஸ்' காயத்தையும் பிரிக்கின்றன. 'கிரீவஸ்' என்பதும் 'கிராவிஸ்' வேரின் கிளையே. தமிழில் இதனைக் 'கொடுங்காயம்' என வழங்குகிறோம். ஆயினும் இது பார்ப்பவருக்குக் கொடூரமாகத் தோன்றும் காயம் என்று பொருள்படாது. கண்பார்வை நிலையாகப் பறிபோதல், எலும்பு முறிதல் முதலியவற்றைச் சட்டம் வரிசைப்படுத்துகிறது. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 20 நாள் கடும் வலியில் துன்புறச் செய்யும் காயமும் அவ்வரிசையில் அடங்கியிருந்தது. குருதி பெருகிய வெட்டு இதில் அடங்காமற் போகலாம்; ஓர் எலும்பு முறிவு அடங்கிவிடும். இவ்விடத்தில் 'தீவிரக் காயம்' என்று மொழிபெயர்த்தால், சட்டம் வகுத்த எல்லையே மறைந்துவிடும்.

'சாலெம்' என்பது சடங்கின் சொல். முறைப்படி வகுக்கப்பட்ட சமயச் சடங்கைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உறுதிமொழி, இறுதி ஊர்வலம், நினைவஞ்சலி ஆகியவற்றிற்கு இது பொருந்தும். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் பதவியேற்பு உறுதிமொழியில் இச்சொல் வருகிறது. தமிழ்நாட்டு அமைச்சர்கள் தமிழில் அதனை 'உளமார உறுதி கூறுகிறேன்' என்கின்றனர். ஆங்கிலச் சொல் புறத்தே நிகழும் முறைமையைச் சுட்ட, தமிழ்ச் சொல் அகத்தின் நிறைவைச் சுட்டுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் அவ்விடத்தின் பயனைப் பெயர்த்தமைக்கு இது நல்ல சான்று. நிகழ்ச்சியை வருணிக்கும்போது 'மாண்பார்ந்த அமைதி' போன்ற தொடர் ஏற்கும்.

'எர்னஸ்ட்' முகத்தைப் பற்றியதன்று, உள்ளத்தைப் பற்றியது. பாசாங்கின்மையும் முழுமனமும் இதன் சாரம். செர்மன் மொழியின் 'எர்ன்ஸ்ட்' இதற்கு இனச்சொல். ஆண்பாற்பெயரான எர்னஸ்ட்டும் இப்பெயரடையும் ஒன்றாய் ஒலிப்பதை வைத்தே ஆஸ்கர் வைல்டு 1895இல் அரங்கேறிய தம் நாடகத்தின் தலைப்பைச் சிலேடையாக அமைத்தார். 'எர்னஸ்ட்' வேண்டுகோளைத் 'தீவிர வேண்டுகோள்' என்றால் அது மிரட்டல்போல் ஒலிக்கும். 'உளமார்ந்த வேண்டுகோள்' என்பதே பொருத்தம்.

'சோபர்' மதுமயக்கம் இன்மையைக் குறித்துத் தோன்றி, உணர்ச்சி மயக்கம் இன்மைக்கும் விரிந்தது; 'தெளிந்த', 'நிதானமான' என்பன இதற்கு நிகர். 'செடேட்' அமர்ந்து அடங்கிய தன்மை, பரபரப்பின்மை. 'ஸ்டெய்டு' என்பது 'ஸ்டே', அதாவது 'நில்' என்னும் வினையின் பழைய எச்சவடிவம். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டவர் என்ற மெல்லிய குறைகூறல் இதில் ஒளிந்திருக்கிறது. பாராட்டுரையில் இதனைப் பயன்படுத்தினால் பாராட்டப்பட்டவர் மகிழமாட்டார். 'சாம்பர்' பிரெஞ்சு வழி வந்த நிழலின் சொல். இருண்ட, துயர் கவிந்த சூழலைக் காட்டும்.

இனி மருத்துவமனைக்கு வருவோம். அங்கே 'சீரியஸ்' என்பதும் 'கிரிட்டிக்கல்' என்பதும் ஒன்றல்ல. பின்னது, தீர்ப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது; நோய் தணியுமா முற்றுமா என்று முடிவாகும் திருப்பத்தைப் பழைய கிரேக்க மருத்துவர் அச்சொல்லால் குறித்தனர். நம் நாளிதழ்கள் இதற்குக் 'கவலைக்கிடம்' என்று எழுதுகின்றன. அது நோயாளியின் நிலையைக் காட்டிலும் சுற்றத்தாரின் மனநிலையையே மிகுதியாகச் சொல்கிறது. இதனோடு 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்பதையும் எண்ணுக. அங்குள்ள 'தீவிர' என்பது 'இன்டென்சிவ்' என்பதன் பெயர்ப்பு. அது சிகிச்சையின் செறிவைக் குறிக்கும். நோயின் தீவிரமும் சிகிச்சையின் தீவிரமும் ஒரே சொல்லில் கலந்துவிட்டதால், அப்பிரிவிற்கு மாற்றப்பட்ட செய்தி கேட்டவுடனேயே குடும்பம் நம்பிக்கை இழக்க நேர்கிறது. 'நோய் கடுமையாக உள்ளது, இடைவிடாது கண்காணிக்க அங்கே வைத்திருக்கிறார்கள்' என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னால், கேட்கும் தாய்க்கு உண்மையும் கிட்டும், ஆறுதலும் கிட்டும்.

இச்சொற்களைப் பிரித்தறிய எளிய வழி, ஒவ்வொன்றின் எதிர்ச்சொல்லையும் தேடுவதாகும். 'சீரியஸ்' என்பதற்கு எதிர் விளையாட்டு; 'கிரேவ்' என்பதற்கு இலேசு; 'சாலெம்' என்பதற்குக் கலகலப்பு; 'எர்னஸ்ட்' என்பதற்கு அரைமனம்; 'சோபர்' என்பதற்கு மயக்கம்; 'செடேட்' என்பதற்குப் பரபரப்பு. எதிர்ச்சொல் தெளிவானால் ஏற்ற தமிழ்ச்சொல்லும் தானே முன்வரும். கடுமை, கனம், மாண்பு, உளமார்மை, நிதானம், அடக்கம் ஆகியன யாவும் நம் கையிருப்பிலேயே உள்ளன. 'தீவிரம்' என்னும் சொல்லையும் நாம் ஒதுக்க வேண்டியதில்லை. வேகமும் செறிவும் உடையவற்றிற்கென அதனை வைத்துக்கொண்டால், அச்சொல்லும் இழந்த வலிவை மீண்டும் பெறும்.