இணையப் பக்கத்திற்கு ஒரு காவற்காரன்

மயூர் விஹாரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸையோ திருக்குறள் எக்ஸ்பிரஸையோ நம்பியுள்ளன. முன்பு 120 நாள்களுக்கு முன்னரே பயணச்சீட்டு எடுக்க முடிந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள்களாகக் குறைந்தது. இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். பின்னர் எஞ்சுவன, இரயில்வே அறிவிக்கும் கோடைக்காலச் சிறப்பு வண்டிகளே. அவ்வறிவிப்பு எந்நாளில் வெளிவரும் என்பதை நாம் முன்கூட்டி அறிய இயலாது.

அதற்காக நாள்தோறும் பத்து முறை இணையதளத்தைத் திறந்து பார்க்க வேண்டுவதில்லை. விஷுவல்பிங், டிஸ்டில் போன்ற கருவிகள் அவ்வேலையைச் செய்யும். பக்கத்தின் முகவரியையும் வீட்டாரின் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தால், கருவி அப்பக்கத்தைப் படியெடுத்து வைத்துக்கொள்ளும். குறித்த இடைவெளியில் மீண்டும் சென்று, புதிய படியைப் பழையதோடு ஒப்பிடும். வேறுபாடு கண்டால் மட்டுமே மடல் அனுப்பும்.

ஆனால், கருவிக்குப் பொருள் விளங்காது. வேறுபாடு மட்டுமே தெரியும். பக்கத்தின் மேலே உள்ள தேதி மாறினாலும், வருகையாளர் எண்ணிக்கை ஒன்று கூடினாலும், ‘புலி வருகிறது’ என்று கூவிய சிறுவனைப் போல அது நம்மை அழைக்கும்! நான்கு நாளில் அதன் மடல்களைத் திறப்பதையே விட்டுவிடுவோம். மெய்யான செய்தியும் அவற்றோடு போய்விடும். ஆகவே, அறிவிப்புப் பட்டியல் உள்ள பகுதியை மட்டும் கட்டமிட்டுக் காட்டுதல் வேண்டும்.

கடவுச்சொல் கேட்கும் பக்கங்களை இதனிடம் ஒப்படைக்காதீர்கள். சீட்டு எடுப்பதும் இதன் வேலையன்று. மடல் வந்ததும் அப்பாவிடமோ அம்மாவிடமோ ஓடிச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தாம்.