அடுக்கடுக்காய் ஒரு பயணம்

விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு ஆக்லாந்து திரும்பும்போது பெட்டியில் என்னென்ன இருக்கும்? அம்மாவுக்குப் புதுச் சேலை, அப்பாவுக்கு வேட்டி, நமக்கு நாலு சட்டை. அதோடு, யாரும் வாங்காத சில பொருள்களும் வந்துவிடும். சட்டைப் பையில் ஒரு பஸ் டிக்கெட். மிட்டாய் சுற்றிய தாள். நாள்காட்டியில் கிழித்த ஒரு தேதி. பாட்டி கையால் எழுதிய மளிகைச் சீட்டு.

பெரியவங்க இதையெல்லாம் பார்த்தால், "குப்பையைத் தூக்கிப் போடு"ன்னு சொல்வாங்க. போடாதீங்க. இவற்றை வைத்து ஒரு படம் செய்யலாம். பென்சில், வண்ணம், காகிதம், துணி, மணல் எல்லாம் ஒரே படத்தில் சேரும். இலையில் தோசையை அடுக்குவது போல ஒன்றின்மேல் ஒன்றாக வரும். இதைக் கலப்பு ஊடக ஓவியம் என்று சொல்வார்கள். ரொம்பப் பெரிய பெயர்! நாம் அடுக்குப் படம் என்றே சொல்லலாம்.

இது நமக்குப் புதிது இல்லை. தஞ்சாவூர் ஓவியம் ஒன்று உங்கள் வீட்டுப் பூஜை அறையில்கூட இருக்கலாம். பக்கத்தில் போய்ப் பாருங்கள், மேடும் பள்ளமுமாக இருக்கும். முதலில் ஒரு மரப்பலகை. அதன்மேல் துணியை ஒட்டுவார்கள். துணியின்மேல் சுண்ணப் பொடியையும் பசையையும் குழைத்துப் பூசுவார்கள். பிறகு கண்ணாடிக் கற்கள், மெல்லிய தங்கத் தகடு, வண்ணம். குண்டுக் கிருஷ்ணர் வெண்ணெயை வைத்துக்கொண்டு சிரிப்பார். அவருக்குக் கீழே இத்தனை அடுக்கு இருப்பது நமக்குத் தெரியவே தெரியாது.

ஐரோப்பாவில் 1912ஆம் ஆண்டு பிக்காசோ என்ற ஓவியர், பிரம்பு நாற்காலி மாதிரி அச்சடித்த மெழுகுத்துணியைத் தன் படத்தில் ஒட்டினார். படத்தைச் சுற்றிக் கயிறும் வைத்தார். இப்படி ஒட்டிச் செய்யும் படத்துக்குக் கொலாஜ் என்று பெயர்.

சரி, பயண நினைவுக்கு வருவோம். இதற்கு நம்ம ஆக்லாந்திலேயே ஒரு நல்ல கதை இருக்கு.

காலின் மெக்காஹன் நியூசிலாந்தின் பெரிய ஓவியர்களில் ஒருவர். 1953 முதல் 1960 வரை அவர் டிடிராங்கியில், மரங்களுக்கு நடுவே, ஒரு சின்ன வீட்டில் இருந்தார். அவருக்கு நான்கு பிள்ளைகள். வீட்டுக்குள் இடம் போதவில்லை. அதனால் பிள்ளைகள் வீட்டுக்கு அடியில் அடுக்குக் கட்டிலில் தூங்கினார்கள்! அந்த வீடு இப்போது ஓர் அருங்காட்சியகம். ஒரு வார இறுதியில் அம்மா அப்பாவோடு போய்ப் பார்க்கலாம்.

1958ஆம் ஆண்டு மெக்காஹன் அமெரிக்காவுக்குப் போனார். சில மாதங்கள் ஊர் ஊராகச் சுற்றினார். பெரிய நிலங்களையும் பெரிய பெரிய ஓவியங்களையும் பார்த்தார். திரும்பி வந்தபோது டிடிராங்கி அவருக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. (ஊரிலிருந்து திரும்பியதும் நமக்கும் வீடு வேற மாதிரி தெரியும், இல்லையா?) அப்போது அவர் என்ன செய்தார்? மனதுக்குள்ளேயே வடக்கே போனார். நார்த்லாந்தின் மலை, மழை, வானம் எல்லாவற்றையும் நினைவிலிருந்து வரைந்தார். எட்டு நீளமான துணிகளில், வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்டால் வரைந்தார். அந்தப் படங்கள் இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை நார்த்லாந்தின் போட்டோ மாதிரி இருக்காது. ஆனால் வடக்கே போனவர்களுக்கு அந்த மழை தெரியும்.

அதனால் முதல் வேலை இதுதான்: அம்மாவின் போனைத் தொடாதீங்க. போட்டோ பார்க்காமல், பென்சிலால் ஒரு தாளில் வரையுங்கள். தாத்தா வீட்டுத் திண்ணை, ரயில் ஜன்னல், டீக்கடை, எது முதலில் வருகிறதோ அது. போட்டோவில் எல்லாமே இருக்கும். நினைவில் சிலது மட்டும் இருக்கும். எங்க சனிக்கிழமை வகுப்பில் ஒரு பையன் மதுரையை வரைந்தான். கோபுரம் தீப்பெட்டி அளவு. பக்கத்தில் ஜிகர்தண்டா கிளாஸ் கோபுரத்தைவிடப் பெரிது! அதை மாற்றச் சொல்ல எனக்கு மனசு வரலை. அவனுக்கு மதுரை அப்படித்தான்.

இப்போது பொருள்கள். இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். ஊரின் செம்மண், விதை, இலை, பறவை இறகு இவற்றையெல்லாம் படத்துக்காகக் கொண்டுவர ஆசையாக இருக்கும். விட்டுவிட்டு வாருங்கள். அவற்றோடு பூச்சியும் நோயும் இங்கே வந்துவிடலாம், இங்குள்ள காட்டுக்கும் பண்ணைக்கும் ஆபத்து. அப்படிப்பட்ட பொருளைச் சொல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே 400 டாலர் அபராதம். செம்மண்ணை நாமே கலந்துகொள்ளலாம்: சிவப்பு, மஞ்சள், துளி பழுப்பு.

இந்த ஊர் மண் வேண்டுமா? பீஹா கடற்கரைக்குப் போய்விட்டு வந்து ஷூவைத் தட்டுங்கள், போதும். அந்தக் கறுப்பு மணலில் இரும்பு இருக்கிறது. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். தாரனாக்கி எரிமலையிலிருந்து வந்த துகள்களைக் கடல் நீரோட்டம் வடக்கே இழுத்து வந்து சேர்த்த மணல் அது.

அடுத்தது டிக்கெட். கடை பில்லும் இயந்திரத்தில் வரும் பஸ் டிக்கெட்டும் பெரும்பாலும் ஒரு தனி வகைத் தாள். அதில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுப்பாகும் மருந்து அதன்மேல் பூசியிருக்கும். இயந்திரம் சூட்டால் எழுதுகிறது. நம்பலையா? பழைய பில் ஒன்றை நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும். இந்த எழுத்து வெளிச்சத்தில் மெல்ல மெல்ல மங்கிவிடும். சில பசைகள் பட்டாலும் மங்கும். ஆசையாக ஒட்டிய டிக்கெட், அடுத்த பொங்கலுக்கு வெறும் வெள்ளைத் தாளாக நிற்கும். அதனால் நகல் எடுத்து ஒட்டுங்கள்.

நகலிலும் இரண்டு வகை உண்டு. வீட்டுப் பிரின்டர் நிறைய நேரம் ஈர மையைத் தெளிக்கும், அது தண்ணீர் பட்டால் கரையலாம். நூலகத்தில் இருப்பது போன்ற பெரிய நகல் இயந்திரம் பொடி மையைச் சூட்டால் தாளில் உருக்கி ஒட்டுகிறது. அது கரையாது.

பாட்டியின் மளிகைச் சீட்டுக்கும் நகல்தான். உண்மையான சீட்டைப் பத்திரமாக ஒரு புத்தகத்துக்குள் வையுங்கள். "து. பருப்பு 1 கிலோ, வெல்லம் ½" என்று பாட்டி எழுதிய எழுத்து அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது. பசையில் அது கிழிந்தால் வேறு சீட்டு எங்கே கிடைக்கும்?

இனி அடுக்கலாம். அடியில் தடிமனான அட்டை வேண்டும். ஈரம் பட்டால் காகித நார்கள் உப்பும், ஒரு பக்கம் மட்டும் உப்பினால் அட்டை அப்பளம் மாதிரி வளையும். அட்டையின் பின்பக்கமும் கொஞ்சம் பசை பூசினால் அவ்வளவாக வளையாது. முன்பக்கம் முழுவதும் ஒரே நிறத்தைப் பூசி காயவிடுங்கள். வெள்ளையாக விட வேண்டாம். மேலே வரும் அடுக்குகளின் இடைவெளியில் இந்த நிறம் எட்டிப் பார்க்கும்.

அதன்மேல் நகல்கள், நாள்காட்டித் தாள், பழைய சேலைத் துண்டு. வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒட்டுங்கள். தடித்தது முதலில், மெல்லியது பிறகு. பட்டம் செய்யும் மெல்லிய தாளை மேலே ஒட்டினால் ஒரு வேடிக்கை நடக்கும். காய்ந்ததும் அடியில் இருக்கும் எழுத்து தெரியும்! தாளின் நார்களுக்கு இடையே நிறைய காற்று இருக்கிறது. பசை அங்கே புகுந்து நிரப்பியதும் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகிறது. எண்ணெய் பட்ட பஜ்ஜித் தாள் கண்ணாடி மாதிரி ஆவதும் இதனால்தான்.

பிறகு மெல்லிய வண்ணம் பூசி, ஈரமாக இருக்கும்போதே துணியால் சில இடங்களைத் துடைத்துவிடுங்கள். அக்ரிலிக் வண்ணம் நல்லது. காய்ந்தபின் அது மறுபடி கரையாது. போஸ்டர் வண்ணம் கரைந்து மேல் அடுக்கோடு கலந்து சேறாகிவிடும். ஈரப் பசையில் மணலைத் தூவுங்கள். கடைசியில், முதலில் வரைந்த பென்சில் படத்தைப் பார்த்து, மேலே கறுப்புக் கோடு போடுங்கள்.

கஷ்டமான இடம் ஒன்று உண்டு. படம் நன்றாக வர, உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை மூட வேண்டிவரும். நான் வேலை செய்யும் கணினியில் ஒரு பட்டனைத் தட்டினால் பழையது திரும்பி வரும். அட்டையில் வராது. என் மகள் பெரிய ஆரஞ்சுச் சூரியன் ஒட்டினாள். அதன்மேல் ரயில் வர வேண்டும். "மூடினா சூரியன் போயிடுமே அப்பா!" என்று அரை மணி நேரம் தூரிகையோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு மூடினாள். ரயிலின் ஒரு ஜன்னல் அளவுக்கு மட்டும் மூடாமல் விட்டாள். இப்போது அந்த ஒரு ஜன்னல் ஆரஞ்சாக எரிகிறது.

முடிந்ததும் படத்தைப் படுக்கவைத்தே ஓர் இரவு காயவிடுங்கள். நிறுத்தினால் ஈர மணல் வழியும். காய்ந்தபின் பின்பக்கம் பென்சிலால் ஊர், ஆண்டு, உங்கள் பெயர், யாரோடு போனீர்கள் என்று தமிழில் எழுதுங்கள். மூடிப்போன பொருள்களின் பெயர்களையும் அங்கேயே எழுதிவையுங்கள்.