ஜீப்பை உயர்த்திய பிறகு 'டக் டக்' சத்தமா? ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றாதீங்க!

குருவிகுளம் பக்கம் கரிசல் மண். மழை பெய்தால் காட்டுப்பாதையில் வண்டி அடி தட்டும். ஜீப்பை ரெண்டு அங்குலம் தூக்கிவிடலாமே என்று தோன்றும்.

பழைய தார் சிஆர்டிஇ ஜீப்பில் முன்பக்கம் டார்ஷன் பார். அதன் போல்ட்டை முறுக்கினாலே வண்டி உயர்ந்துவிடும், பெரிய செலவில்லை. சிக்கலும் அங்கேதான். வண்டி உயர்ந்த அளவுக்கு, சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்கும் தூரம் குறைகிறது. முன் ஆக்சிலின் சாய்வு கூடுவதால் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும், கிரீஸ் வழியும், மண் புகும். பிறகு வளைவில் திருப்பும்போது 'டக் டக்'. இதற்குப் போய் புது ஷாக் மாட்டினால் காசுதான் தண்டம்!

பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் 2 அங்குலம் நீளமான ஷேக்கிள் போட்டாலும் கிடைப்பது சுமார் 1 அங்குல உயரம்தான்.

முதலில் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வைத்து, முன்சக்கரத்தை ஆட்டிப் பாருங்க. மேல்கீழாக ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் பெரும்பாலும் டை ராட் எண்ட். அவற்றைச் சரிசெய்து, அலைன்மென்ட் பார்த்த பிறகே ஷாக்.

இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி, விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். கை வைக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.