‘நல்ல கிரைண்டர் எது?’னு கேட்டா ஏஐ உங்க கம்பெனி பெயரைச் சொல்லுமா? விளம்பர ஏஜென்சிகளால் என்ன செய்ய முடியும்?

‘நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு எந்த வெட் கிரைண்டர் வாங்கலாம்?’

சில வருடங்களுக்கு முன்னால் இதை கூகுளில் தேடினால் பத்து லிங்க் வரும். நாலைந்தைத் திறந்து பார்த்து, விலையை ஒப்பிட்டு, நாமே ஒரு முடிவுக்கு வருவோம். இப்போது லிங்க்குக்கு முன்னாடியே பதில் வந்துவிடுகிறது. அதில் மூன்று, நான்கு கம்பெனிகளின் பெயர் இருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத கம்பெனி, வாங்க வந்தவரின் கண்ணிலேயே படுவதில்லை.

கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் அதைத் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியின் பெயர் ஏஐக்குத் தெரியுமா? தெரிய வைக்கிறோம் என்று சொல்லித்தான் இப்போது பல விளம்பர ஏஜென்சிகள் கதவைத் தட்டுகின்றன. இதற்கு ஜி.இ.ஓ. என்று பெயர். கூகுள் தேடலில் மேலே வருவதற்கான எஸ்.இ.ஓ. வேலையின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இதில் எது நிஜம், எது வெறும் பேச்சு? பார்க்கலாம்.

என்ன மாறியது?

2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வெளியானது. 2024 மே மாதம் அமெரிக்காவிலும், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் இந்தியாவிலும் கூகுள் தன் தேடல் முடிவுகளுக்கு மேலே ‘ஏஐ ஓவர்வியூஸ்’ என்ற சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது.

இதன் விளைவை அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் அளந்து பார்த்தது. 2025 மார்ச் மாதத்தில் 900 பேரின் இணையப் பயன்பாட்டைக் கவனித்ததில், ஏஐ சுருக்கம் வராத தேடல்களில் 15 சதவீதத்தில் ஏதாவது ஒரு லிங்க்கைத் திறந்தார்கள். சுருக்கம் வந்தபோது அது 8 சதவீதமாகக் குறைந்தது. சுருக்கத்துக்குள்ளேயே இருக்கும் லிங்க்கைத் தொட்டது வெறும் 1 சதவீதத் தேடல்களில்தான்.

அதாவது, வெப்சைட்டுக்கு ஆள் வருவதை மட்டும் நம்பியிருந்த காலம் போய்விட்டது. பதிலுக்குள் பெயர் வருவதே இப்போது முக்கியம்.

ஏஐ பெயர்களை எங்கிருந்து எடுக்கிறது?

இரண்டு வழிகள். ஒன்று, பயிற்சியின்போது படித்த கோடிக்கணக்கான பக்கங்கள். இதை எந்த ஏஜென்சியாலும் நாளைக்கே மாற்ற முடியாது. இரண்டு, நாம் கேள்வி கேட்டவுடன் இணையத்தில் தேடி, சில பக்கங்களைப் படித்து, அதிலிருந்து பதில் எழுதுவது. ஏஜென்சி வேலை செய்யக்கூடிய இடம் இதுதான்.

நல்ல ஏஜென்சி என்ன செய்யும்?

முதலில், கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கும். எந்த ரோபோ உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று சொல்ல பெரும்பாலான வெப்சைட்டுகளில் ஒரு சின்ன கோப்பு இருக்கும். சாட்ஜிபிடி தேடலுக்கு வரும் ரோபோ வேறு, பயிற்சிக்காகப் பக்கங்களை எடுக்கும் ரோபோ வேறு. இரண்டையும் சேர்த்துத் தடுத்துவிட்டு, ‘ஏஐல நம்ம பெயர் வரலையே’ என்று கவலைப்படுபவர்கள் உண்டு. 2025 ஜூலை முதல் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன்னிடம் புதிதாகச் சேரும் வெப்சைட்டுகளில் ஏஐ ரோபோக்களைத் தானாகவே தடுக்க ஆரம்பித்தது. அதனால் இதைச் சரிபார்ப்பது அவசியம்.

இரண்டாவது, எழுத்து. ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்ற வரியை வைத்து ஏஐ எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. எத்தனை பேருக்கு எத்தனை லிட்டர், எத்தனை வாட் மோட்டார், கல்லுக்கு எத்தனை வருட வாரன்டி, ஸ்பேர் எங்கே கிடைக்கும், மதுரையில் சர்வீஸ் உண்டா என்று வாடிக்கையாளர் கடையில் கேட்கும் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் எழுத வேண்டும். விலைப்பட்டியலை போட்டோவாகப் போடாமல் எழுத்தாகவே போடுவது நல்லது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. பிரின்ஸ்டன், ஐஐடி டெல்லி உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட கட்டுரையில்தான் ஜி.இ.ஓ. என்ற பெயரே வந்தது. புள்ளிவிவரம், மேற்கோள், ஆதாரம் சேர்த்த பக்கங்கள் ஏஐ பதில்களில் தெரியும் அளவு 40 சதவீதம் வரை கூடியதாக அவர்கள் கண்டார்கள். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பத் திணிக்கும் பழைய எஸ்.இ.ஓ. தந்திரம் பெரிதாகப் பலன் தரவில்லை.

மூன்றாவது, பெயரும் முகவரியும். கூகுள் மேப்பில் ஒரு பெயர், ஜஸ்ட் டயலில் ஒரு பெயர், ஃபேஸ்புக்கில் பழைய போன் நம்பர் என்று இருந்தால் ஏஐ குழம்பும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

நான்காவது, மற்றவர்கள் சொல்வது. நம்மைப் பற்றி நாமே சொல்வதைவிட ஊர் சொல்வதற்கு மதிப்பு அதிகம் இல்லையா? வாடிக்கையாளர்களின் உண்மையான ரிவ்யூ, யூடியூப் வீடியோ, பத்திரிகைச் செய்தி இவையெல்லாம் ஏஐ தேடிப் படிக்கும் இடங்கள்.

ஐந்தாவது, அளப்பது. வாடிக்கையாளர்கள் கேட்கக்கூடிய 30 கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தங்கிலீஷிலும் எழுதிவைத்து, சாட்ஜிபிடி, ஜெமினி, பெர்ப்ளெக்சிட்டி என எல்லாவற்றிலும் மாதாமாதம் கேட்க வேண்டும். ஒரே கேள்விக்கு இன்று ஒரு பதில், நாளை வேறு பதில் வரும். அதனால் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ‘வந்துட்டோம் பாருங்க’ என்றால் நம்ப வேண்டாம். பத்து முறை கேட்டால் எத்தனை முறை பெயர் வருகிறது, சொல்லும் தகவல் சரியா என்பதுதான் கணக்கு.

குறுக்கு வழி வேண்டாம்

ஏஐ எதையும் நம்பிவிடும், ஏமாற்றிவிடலாம் என்று தோன்றும். 2024 மே மாதம் கூகுளின் ஏஐ, பீட்சாவில் சீஸ் ஒட்டிக்கொள்ள பசை சேர்க்கச் சொன்னது நினைவிருக்கலாம். ரெடிட்டில் 11 வருடங்களுக்கு முன் ஒருவர் விளையாட்டாக எழுதியதை அது உண்மை என்று எடுத்துக்கொண்டது.

ஆனால் காசு கொடுத்துப் பொய் ரிவ்யூ எழுத வைப்பதும், ‘டாப் 10’ பட்டியலை நாமே தயாரித்து முதலிடத்தில் நம்மையே போட்டுக்கொள்வதும் வாங்குபவரை ஏமாற்றும் வேலை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க முடியும். மாட்டிக்கொண்டால் நோட்டீஸ் ஏஜென்சியைத் தேடிப் போவதற்கு முன், உங்கள் கம்பெனி வாசலுக்குத்தான் வரும்.

‘முதலிடம் கேரண்டி’ என்றால்?

அந்த வார்த்தை வந்தாலே உஷாராகிவிடுங்கள். ஏஐ பதிலில் இன்னார் பெயர் கட்டாயம் வரும் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஏஐ ஓவர்வியூஸில் வருவதற்குத் தனியாக எந்தத் தொழில்நுட்ப ஏற்பாடும் தேவையில்லை, வழக்கமான எஸ்.இ.ஓ. நடைமுறைகளே போதும் என்று கூகுளே சொல்கிறது.

ஏஜென்சியிடம் பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தக் கேள்விகளை வைத்து அளப்பீர்கள்? இன்றைய நிலவரம் என்ன? ரிவ்யூக்கள் எங்கிருந்து வரும்? ஒப்பந்தம் முடிந்தால் எழுதிய பக்கங்கள் யாருக்குச் சொந்தம்? நாலுக்கும் தெளிவான பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

அதற்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. போனை எடுத்து, உங்கள் கடையைப் பற்றி ஏஐயிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள். பழைய முகவரியையோ, எப்போதோ மூடிய கிளையையோ அது சொன்னால், முதலில் திருத்த வேண்டியது அதைத்தான்.